குணமாகவில்லை என்று சொன்ன அக்கா

எங்கள் பக்கத்துத் தையல்காரர்கள் எல்லோருக்கும் பொதுவான பொய் ஒன்று இருக்கிறது: "நாளைக்கு வாங்க, தாறன்." அந்தப் பொய்யைச் சொல்லவே தெரியாத ஒரு தையல்காரியை எனக்குத் தெரியும். மட்டக்களப்புக்குத் தெற்கே, குருக்கள்மடத்துக்குக் கிட்ட, வாவியில் போய் முடியும் ஒழுங்கையில், எங்களுக்கு எதிர்வீடு. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். ஊரும் அப்படித்தான் கூப்பிட்டது.

"கிறிஸ்மசுக்கு முதல் தருவீங்களா அக்கா?" என்று யாராவது துணியை நீட்டினால், கொஞ்சமும் யோசிக்காமல் பதில் வரும்.

"ஏலாது. தாறன் எண்டு சொன்னா இப்ப சந்தோசமாப் போவீங்க. மறுகா கிறிஸ்மஸ் அண்டைக்குப் பழைய சட்டையோட நிண்டு என்னை ஏசுவீங்க. வேற ஆரிட்டயும் குடுங்க."

பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். மீதிப் பேர் அந்தப் பதிலுக்காகவே அவரிடம் வந்தார்கள்.

ஒரு கலியாணப் பெண் தங்க நிறத் துணியொன்றைக் கொண்டுவந்து கழுத்தோடு பிடித்துக்கொண்டு, "எனக்கு வடிவா இரிக்குமா அக்கா?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அக்கா நன்றாகப் பார்த்துவிட்டு, "இல்ல" என்றார். அந்தப் பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. தாய் துணியைப் பறித்துக்கொண்டு வெளியேறினாள். எனக்கு ஒருமாதிரிப் போய்விட்டது.

"ஒருக்கா ஓம் எண்டு சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

"அவள் கேட்டவள் புள்ள. கேக்காட்டி நான் வாயே திறந்திரிக்க மாட்டன்."

அதுதான் அவருடைய சட்டம். யாரையும் தேடிப்போய் உண்மை சொல்ல மாட்டார். ஆனால் கேட்டால் தப்ப முடியாது. தன்னைப் பற்றிய கேள்விக்கும் அப்படியேதான். கட்டாருக்குப் போன அவருடைய மனிசன் திரும்பி வரவில்லை. வேறு வீட்டுப் பெண்கள் என்றால், "லீவு கிடைக்கேல்லயாம்" என்று காலம் தள்ளியிருப்பார்கள். அக்காவிடம் கேட்டவர்களுக்கு, "அவர் அங்க வேற ஒருத்தியோட இரிக்கார்" என்று தையல் மெஷினில் இருந்து காலை எடுக்காமலே பதில் சொன்னார். கேட்டவர்கள்தான் வெட்கப்பட்டுப் போனார்கள்.

ஒழுங்கையின் முடிவில், தகரக் கூரை போட்ட மண்டபத்தில் எங்கள் சபை கூடியது. நான் அப்போது முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். மற்றவர்கள் உரத்த குரலில் நன்றி சொல்லும் நேரத்தில் அவர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கும். "ஆண்டவரே, இண்டைக்கு உங்களோட எனக்குக் கோவம். அதை மறைச்சுக்கொண்டு பாட்டுப் பாட எனக்கு ஏலாது." ஒருநாள் இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "அவருக்குத் தெரியாதா என்ன? தெரிஞ்சவர்ட்ட நடிச்சா அது பெரிய பாவம்" என்றார்.

அவருக்கு ஒரே மகள், ஜெனிற்றா. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்தவளுக்கு முகமும் காலும் வீங்கத் தொடங்கின. இரண்டு சிறுநீரகமும் பழுது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு தடவை மட்டக்களப்புக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். இடது கையில் ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு கயிறு போலத் தடித்துப்போனது. அதை மறைக்க அவள் எப்போதும் நீளக் கைச் சட்டை போட்டாள். அந்தச் சட்டைகளை அக்காதான் தைத்துக் கொடுத்தார்.

போதகர் சபையின் வெள்ளை வான் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போவார். தானே ஓட்டுவார். வரும் வழியில் அவள் வாந்தி எடுத்தால் நிறுத்தித் தண்ணீர் கொடுப்பார். என்னைவிடச் சில வயது மூத்தவர், வீட்டில் கைக்குழந்தை. நல்ல மனிதர். பிறகு நடந்ததை வைத்து அவரை நான் கெட்டவராக எழுதினால் அக்காவே என்னைத் திருத்துவார்.

ஒரு தடவை ஜெனிற்றா படுத்த படுக்கையாகிவிட்டாள். சபை முழுவதும் உபவாசம் இருந்தது. அடுத்த கிழமை வீக்கம் வடிந்தது, சோறு சாப்பிட்டாள், ஞாயிறு தானே நடந்து மண்டபத்துக்கு வந்தாள். நாங்கள் எல்லோரும் அழுதோம். போதகர் மைக்கை அக்காவிடம் கொடுத்தார். ஒரு இளைஞன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

அக்கா சொன்னது இதுதான்: "போன கிழமை எழும்ப ஏலாமக் கிடந்தவள், இண்டைக்கு நடந்து வந்திரிக்காள். ஆண்டவருக்கு நன்றி. கிட்னி இன்னும் வேலை செய்யேல்ல எண்டுதான் டொக்டர்மார் சொல்றாங்க. அதுக்காகவும் கேளுங்க."

வெளியே போன வீடியோவில் 'நன்றி' என்ற சொல்லோடு அக்காவின் பேச்சு முடிந்தது. மேலே பெரிய எழுத்தில், இரண்டு சிறுநீரகங்களும் புதிதாகிவிட்டதாகப் போட்டிருந்தார்கள். அக்காவிடம் இருந்தது பட்டன் போன். சில கிழமைகள் வரை அவர் அதைப் பார்க்கவே இல்லை.

ஒரு பின்னேரம், கை இறுக்கமான என் சட்டையொன்றைக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மோட்டார் சைக்கிளில் ஒரு புருசனும் பெண்சாதியும் வந்து இறங்கினார்கள். படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர்கள், வாவியைக் கடந்து வந்திருந்தார்கள். அந்த அம்மாவின் ஒரு கால் வீங்கி, துணி சுற்றியிருந்தது. ஜெனிற்றாவைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது.

"குணமான புள்ள நீங்கதானே மனே? உங்கட கையை என்ட தலையில ஒருக்கா வைங்க. வீடியோவப் பார்த்த அண்டையோட, சீனி வருத்தத்துக்குப் போடுற ஊசிய நான் விட்டுட்டன்."

ஜெனிற்றா இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அக்கா மெஷினை விட்டு எழுந்தார்.

"என்ன வீடியோ?"

அந்த மனிதர் தன் போனை எடுத்துக் காட்டினார். அக்கா தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அம்மா, இவளுக்குக் குணமாகேல்ல. நாளைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போறாள். நான் சொன்னதில பாதிய வெட்டிட்டாங்க. வீட்டபோய் ஊசியப் போடுங்க. இண்டைக்கே போடுங்க."

"வீடியோவில கதைச்சது நீங்கதானே?" என்றார் அந்த மனிதர்.

"நான்தான்."

"அப்ப உங்கட புள்ளைக்குக் கிடைச்சது எங்களுக்குக் கிடைக்கிறது பொறுக்கேல்லயா?"

மனைவி அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். கோபமே இல்லாமல் சிரித்தார். "விடுங்க. நம்பிக்கை வாற நேரம் பிசாசு இப்பிடித்தான் சோதிக்கும்." அவர்கள் ஏறிப் புறப்பட்டார்கள். அக்கா செருப்பும் இல்லாமல் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பெரிய றோட்டு வரைக்கும் ஓடினார். "ஊசியப் போடுங்க! ஊசியப் போடுங்க!" என்று அவர் கத்தியது ஒழுங்கை முழுவதும் கேட்டது.

அங்கிருந்து நேரே போதகரிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"தம்பி, அந்த வீடியோவ எடுத்துப்போடுங்க."

போதகர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, அது எத்தின பேருக்கு நம்பிக்கை குடுத்திரிக்கு தெரியுமா? நடக்கப்போறத நடந்ததெண்டு சொல்றதுதான் விசுவாசம்."

"நடந்த பிறகு சொல்லுவம் தம்பி. கடவுளுக்கு அவசரமில்லையே."

"உங்களுக்கு விளங்குதில்ல. அதைப் பார்த்துத்தான் வெளிநாட்டில இருந்து உதவி வருது. வானுக்கு எண்ணெய் அடிக்கிறது அதிலதான். ஜெனிற்றா போறது அந்த வானிலதான்." மிரட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சினார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

அக்கா குழந்தையின் காலைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். "ஆண்டவரைக் காப்பாத்த என்ட பொய் வேணுமெண்டா, அவர் என்ன கடவுள் தம்பி?"

வீட்டுக்கு வந்தபோது ஜெனிற்றா வாசலிலேயே நின்றாள். என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சபையில சொல்லாதீங்க அம்மா."

"அந்த அம்மா ஊசி போடாம இரிக்கா மகள். என்ட முகத்தப் பார்த்துத்தான் விட்டிரிக்கா."

"வான் இல்லாட்டி பஸ்ஸில போய் வர என்னால ஏலாது. உங்களுக்குத் தெரியும் ஏலாதெண்டு." அவளுடைய குரல் உடைந்தது. "நீங்க பொய் சொல்லாம இரிக்கிறதுக்கு நான் சாகணுமா?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டார். அவர் வாய்விட்டு அழுததை அன்றுதான் முதல்முதலாகக் கண்டேன். 'சொல்ல மாட்டன்' என்று ஒரு சொல் சொல்லி மகளை அமைதிப்படுத்தியிருக்கலாம். பிறகு சொல்லியிருக்கலாம். அதுவும் அவரால் முடியவில்லை. அந்த நேரம் எனக்கு அவரில் கோபம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் அக்கா எழுந்து முன்னால் போய் மைக்கை எடுத்தார். அந்த இளைஞன் வழக்கம்போல நேரலையில் காட்டிக்கொண்டிருந்தான்.

"என்ட மகள் குணமாகேல்ல. கிழமையில ரெண்டு தரம் ரெத்தம் சுத்தம் பண்ணப் போறாள். சபை வானிலதான் போறாள், அதுக்கு நான் நன்றியோட இரிக்கன். குணமாக்கச் சொல்லிக் கேக்கிறம், இன்னும் கிடைக்கேல்ல. வீடியோவப் பார்த்து மருந்த விட்டவங்க ஆரும் இரிந்தா..."

மைக் நின்றது. இளைஞன் போனைக் கீழே இறக்கினான். யாரோ ஒருவர் பாட்டொன்றைத் தொடங்க, எல்லோரும் கையைத் தட்டிக்கொண்டு சேர்ந்தார்கள். அக்கா நிறுத்தவில்லை. பாட்டுக்குள்ளே தன் சொந்தக் குரலில் கடைசி வரைக்கும் சொன்னார், மருந்தை விடவேண்டாம் என்று. திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தார். "ஆண்டவரே, என்ட புள்ளையக் கைவிட்டுடாதேயும்" என்றார். அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

அடுத்த தடவை வான் வரவில்லை. பழுதாகிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். அன்று மத்தியானமே அது களுதாவளைப் பக்கம் போனதை நான் கண்டேன். தைக்கக் கொடுத்த துணிகளைச் சிலர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவிசுவாசம் உள்ள வீட்டில் காலடி வைக்கக்கூடாது என்று எங்கள் வீட்டிலேயே பேச்சு வந்தது. வீடியோ மட்டும் அப்படியே இருந்தது.

தாயோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த ஜெனிற்றா ஒரு காலை தானாகவே சொன்னாள்: "அந்த அம்மாவிட்டப் போவம். என்ட கையக் காட்டினா நம்புவா." மூன்று பேரும் 'பாதை' என்று ஊரில் சொல்லும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து போனோம். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றும் அந்த மிதவை மெதுவாகத்தான் போகும். ஜெனிற்றா சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்றவர்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார்கள்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். பூட்டியிருந்தது. அயல்வீட்டுக்காரர், அந்த அம்மா நினைவில்லாமல் விழுந்து ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாட்டில் அவரைக் கண்டோம். உயிர் தப்பியிருந்தார். முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. அன்று அக்காவின் வீட்டு வாசலில் இருந்த அந்தச் சிரிப்பை அந்த முகத்தில் தேடினேன். எங்கேயும் இல்லை. ஜெனிற்றா கையை நீட்டிக் காட்டினாள். அந்த அம்மா அதைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தார்.

"வீடியோவில கதைச்சது இந்த முகம்தானே?"

"ஓம் அம்மா. என்ட முகம்தான்."

"பொறகு பின்னால ஓடி வந்து என்ன பலன்?"

அக்கா தன் பக்க நியாயத்தைச் சொல்லியிருக்கலாம். வெட்டினது வேறு ஆட்கள் என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் அது உண்மையும்கூட. சொல்லவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவின் புருசன் வந்து, எங்களைப் போகச் சொன்னார். வந்தோம்.

அதற்குப் பிறகு பஸ்தான். இரத்தம் சுத்தம் செய்துவிட்டு வரும் பிள்ளைக்கு நிற்கவும் சக்தி இருக்காது. சீற் கிடைக்காத நாட்களில் அக்கா பஸ்ஸின் தரையில் உட்கார்ந்து மகளின் தலையை மடியில் வைத்துக்கொள்வார். மழை நாட்களில் றோட்டில் வெள்ளம் வந்து சில தடவை போகவே முடியவில்லை. ஓட்டோ பிடிக்கத் தையல் வருமானம் காணாது. முன்பள்ளி இல்லாத நாட்களில் நானும் கூடப் போனேன். வானில் போயிருந்தால் இன்னும் எவ்வளவு காலம் இருந்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் அதை நான் கேட்கவில்லை. கேட்டால் நேரே ஒரு பதில் சொல்வார் என்ற பயம்.

மாரி முடிகிற நேரம் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. இனி இரத்தம் சுத்தம் செய்ய உடம்பு தாங்காது என்று டொக்டர்மார் சொல்ல, வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "ஒண்டுமில்ல மகள், சுகமாகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். ஒருநாள் காலை அக்கா அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தேன்.

"அம்மா, நான் சாகப்போறனா?"

சீப்பு நின்றது. அக்கா எழுந்து கிணற்றடிக்குப் போனார். அவர் கல்லில் தலையை முட்டிக்கொண்டு நிற்பதை நான் குசினி வாசலில் இருந்து பார்த்தேன். இந்த ஒரு தடவை பொய் சொல்லட்டும், ஆண்டவரே, இந்த ஒரு தடவை மட்டும் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து மகளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"ஓம் மகள்."

ஜெனிற்றா தாயின் தோளில் சாய்ந்தாள். அவளுடைய உடம்பு இளகியதை நான் கண்டேன். "எனக்குத் தெரியும். ஆரும் சொல்றாங்க இல்ல. ஆரோடயும் கதைக்க ஏலாமக் கிடந்தது" என்றாள். "எனக்குப் பயமா இரிக்கு அம்மா."

"எனக்கும் பயம்தான் மனே."

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் எல்லாவற்றையும் பேசினார்கள். எங்கே அடக்கம் செய்வது, எந்தச் சட்டையைப் போட்டுவிடுவது, தகப்பனுக்குச் சொல்வதா வேண்டாமா என்று. வானைப் பற்றியும் பேசினார்கள். "அண்டைக்கு நான் கேட்டதுக்கு நீங்க மறுமொழி சொல்லேல்ல" என்றாள் மகள். "எனக்குத் தெரியேல்ல மகள். இப்பவும் தெரியாது" என்றார் அக்கா. சில நேரம் இரண்டு பேரும் சேர்ந்து அழுவது கேட்கும். ஒரு தடவை சிரிப்பும் கேட்டது. அந்தக் கிழமையே ஒரு விடியற்காலை அவள் போய்விட்டாள்.

அடக்கத்துக்குப் போதகர் வந்தார். கூப்பிடாமலே வந்தார். குழிக்குப் பக்கத்தில் நின்று, "நம்முடைய சகோதரி இண்டைக்குப் பூரண சுகம் பெற்றவளாக..." என்று தொடங்கினார்.

"தம்பி" என்றார் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. "மோட்சத்தப் பத்தி மறுகா சொல்லுங்க. முதல்ல அவள் கிட்னி வருத்தத்தால செத்தவள் எண்டு சொல்லுங்க."

போதகர் வேதத்தை மூடினார். "நாங்க கேட்டம்" என்றார். "கிடைக்கேல்ல. கிடைச்சதெண்டு நான்..." மண்ணைப் பார்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்கா தன் மகளின் குழியைச் சுற்றி வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றே போதகர் வீடியோவை நீக்கிவிட்டார். ஆனால் அதற்குள் அது எத்தனையோ போன்களுக்குப் போய்விட்டிருந்தது. இன்றைக்கும் யாரோ ஒருவர் யாருக்கோ அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் கலியாணம் முடித்துத் திருகோணமலைக்கு வந்த பிறகு என் போனுக்கும் ஒரு தடவை வந்தது. ஜெனிற்றா சிரித்துக்கொண்டு நடந்து வருகிறாள். பக்கத்தில் அக்கா ஆண்டவருக்கு நன்றி சொல்கிறார்.

கடைசியாக ஊருக்குப் போனபோது அக்காவைப் பார்க்கப் போனேன். தைத்துக்கொண்டிருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். நான் அங்கே இருக்கும்போதே ஒரு இளம் தாய் நாலைந்து வயதுப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்குடாவில் இருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். குழந்தைக்கு இரத்தத்தில் வருத்தம். "வீடியோவில வந்த, குணமான புள்ள இஞ்சதானே இரிக்கா?" என்று கேட்டாள்.

அக்கா அவளை இருக்கச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு எல்லாவற்றையும் தொடக்கத்தில் இருந்து சொன்னார். எதையும் குறைக்கவில்லை. மகள் செத்துப்போனாள் என்ற இடத்தில் அவருடைய குரல் அறுந்தது, திரும்பவும் பிடித்துக்கொண்டு சொன்னார். இப்படி வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தத் தாய் தரையில் விழுந்து கதறினாள். "பஸ்ஸில வாற வழி முழுக்க நான் சந்தோசமா வந்தனே! இனி எனக்கு என்ன இரிக்கு?"

"மருந்து குடுக்கிறீங்களா?"

"குடுக்கிறன்."

"விடாதீங்க. கிளினிக்குக்கு நானும் வாறன்."

"அக்கா, ஜெபம் பண்ணினா என்ட புள்ள பிழைப்பாளா?"

அக்கா அவளுடைய முகத்தைப் பார்த்தார். "தெரியாது மனே. நான் கேட்டது எனக்குக் கிடைக்கேல்ல."

அந்தத் தாய் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தாள். அக்கா கதிரையை விட்டு இறங்கி அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, குழந்தையின் பெயர் என்னவென்று கேட்டார். பிறகு ஜெனிற்றாவுக்காகக் கேட்ட அதே சொற்களால், அந்தக் குழந்தைக்காக ஆண்டவரிடம் முதலில் இருந்து கேட்கத் தொடங்கினார்.